யாரூட்டுப் பிள்ளை நீ?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆடி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். மேட்டூர்க்காரர்களுக்கு ஆடி என்றால் பதினெட்டாம் நாள்தான். காவிரிப் பாலத்தடியிலும் மட்டம் பகுதியிலும் விடிவதற்கு முன்பே ஜனம் இறங்கிவிடும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சாமி சிலைகளையும் வேல், ஈட்டி, வாள்களையும் மேளதாளத்தோடு சுமந்து வந்து ஆற்றில் நீராட்டுவார்கள். அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடாய் வெட்டிப் பொங்கல் வைக்கிற குடும்பங்கள் ஒரு பக்கம், தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் புதுப்பெண்கள் ஒரு பக்கம், அணை மீன் வறுவல் வாசம் ஊரெங்கும். இந்தக் கூட்டத்தை நம்பி ஒரே ராத்திரியில் முளைக்கிற கடைகளைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத நினைத்தேன். நினைக்க வைத்தது ஒரு கடிதம்.

எழுதியவர் ப்ளஸ் ஒன் படிக்கும் ஒரு வாசகி. வயது பதினாறு. உறைக்குள் கடிதத்தோடு ஒரு புத்தகக் குறி அட்டை இருந்தது. கெட்டி அட்டையில் போஸ்டர் கலரால் வரைந்த நம்ம ஊர்ப் பதினாறு கண் மதகு. கண்களை எண்ணிப் பார்த்தேன், பதினாறும் இருந்தன. மூன்றாவது கண்ணில் மட்டும் நீலம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. அட்டையின் மேல் ஓட்டையில் சணல் கயிறு கோத்து, நுனியைப் பிரித்துக் குஞ்சம் கட்டியிருந்தாள். பின்பக்கம் பென்சிலில், அழிந்தும் அழியாமலும், ‘ரூ. 15’.

“ஐயா, இதோடு தெர்மல் புகைபோக்கி, பண்ணவாடி நந்தி, கோட்டையூர்ப் பரிசல் எல்லாம் வரைகிறேன். ஸ்கூலில் டீச்சர்களே வாங்குகிறார்கள். வெளியூர்க் கண்காட்சியில் மேசை போடலாம் என்று விண்ணப்பம் வாங்கினேன். பதினெட்டு வயது நிரம்பியவர் என்று போட்டிருக்கிறது. லைசென்ஸ் எல்லாம் வேண்டும் என்கிறார்கள். என்னை மாதிரி மைனருக்கு அதெல்லாம் தருவார்களா? இல்லை, இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்க வேண்டுமா?”

இந்தக் கேள்விக்கு அரைகுறையாகப் பதில் எழுத மனசு வரவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடமும், கணக்கு எழுதும் நண்பரிடமும், பல வருஷமாக ஊர் ஊராகக் கண்காட்சிக்குக் கடை கொண்டு போகும் ஒரு அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைக்கு எழுதும் பதிலை எல்லோருமே படிக்கட்டும் என்று இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

அதற்கு முன் என் கதை ஒன்று. ஏழாம் வகுப்பு படித்தபோது ஆடிப் பதினெட்டுக்கு நானும் கடை போட்டேன். சரக்கு எருக்கம் இலையும் அருகம்புல்லும். காவிரியில் தலை முழுகுகிறவர்கள் எருக்கம் இலை, அருகம்புல், அதன்மேல் ஒரு காசு வைத்து முழுகுவது நம் பக்கத்து வழக்கம். வெளியூரிலிருந்து லாரியில் வருகிறவர்கள் எருக்குக்கு எங்கே போவார்கள்? முந்தின நாள் சாயங்காலம் ரோட்டோரக் கரையில் இறங்கிப் பறித்தேன். எருக்கம்பால் விரலெல்லாம் பிசுபிசுத்து, கண்ணைக் கசக்கிவிடக் கூடாதே என்று ராத்திரி முழுக்கக் கையைத் தள்ளி வைத்தே தூங்கினேன். ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலை காலையில் வாடாமல் இருந்தது. அத்தை தேங்காய், பழம், சூடம் விற்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். கட்டு நாலணா.

ஏழு மணி வாக்கில் தோளில் தோல்பையும் கையில் சீட்டுப் புத்தகமுமாகச் சுங்கம் வசூலிப்பவர் வந்தார். என்னையும் சாக்கையும் பார்த்தார். “யாரூட்டுப் பையன் கண்ணு நீ?” என்றார். நான் அத்தையைக் கை காட்டினேன். அத்தை தலையாட்டியது. “அப்போ ஒரே சீட்டு போதும்” என்று அத்தைக்கு மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது என் டவுசர் பையில் பதினொன்றேகால் ரூபாய் இருந்தது. வீட்டுக்குப் போனதும் பெரியவர் ஒருவர், உறவுக்காரர்தான், “சின்னப் பையனுக்கு எதுக்கு இத்தனை காசு?” என்று வாங்கி மடியில் முடிந்துகொண்டார். அது திரும்பி வரவே இல்லை. அந்தப் பதினொன்றேகால் ரூபாய் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

மைனர், வியாபாரம், சட்டம் என்று கடிதம் வந்த பிறகு நான்கு நாள் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது எல்லாமே அந்தச் சுங்கக்காரர் கேட்ட கேள்வியில்தான் வந்து நிற்கிறது. யாரூட்டுப் பிள்ளை நீ? உன் பின்னால் நிற்கிற பெரியவர் யார்?

நம் நாட்டில் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் செய்ய உரிய வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று அதன் 11-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வயது 18. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்பவர் மைனராக இருந்தபோதே, 1895-ல், சொத்தை அடமானம் வைத்து 20,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அப்புறம் அந்தப் பத்திரம் செல்லாது என்று அவர் தரப்பில் வழக்குப் போட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மைனர் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-ல் தீர்ப்பு வந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதுதான் அடிப்படை.

இப்போது கண்காட்சி நடத்துகிறவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். மேசை வாடகை, மின்சாரம், பொருள் சேதம், வாங்கினவர் தகராறு என்று எத்தனையோ இருக்கிறது. விண்ணப்பத்தில் பதினாறு வயதுப் பிள்ளை போட்ட கையெழுத்து நாளைக்குக் கோர்ட்டில் நிற்காது. அதனால்தான் பதினெட்டு என்று கேட்கிறார். உன் படம் பிடிக்கவில்லை என்றோ, உன்மேல் நம்பிக்கை இல்லை என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது, கண்ணு. ஒப்பந்தம் பெரியவர் பெயரில் இருக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உன் படத்தை நீ விற்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்திலும் இதே போக்குதான். மைனர் கூட்டாளியாக முடியாது. ஆனால் மற்ற கூட்டாளிகள் எல்லோரும் சம்மதித்தால் லாபத்தில் பங்கு பெற அவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தெருவில் விற்பவர்களுக்கான சட்டத்தைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, கணக்கெடுப்பில் வந்த வியாபாரி 14 வயது நிரம்பியிருந்தால், அல்லது மாநில அரசு விதித்த வயதை எட்டியிருந்தால், நகர விற்பனைக் குழு அவருக்கு விற்பனைச் சான்றிதழ் தரவேண்டும். 14! வாழ்க்கை சில பிள்ளைகளைச் சீக்கிரமே தெருவுக்குக் கொண்டுவந்து விடுகிறது, அவர்களைத் துரத்தாமல் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் வாங்க, வேறு பிழைப்பு இல்லை என்று உறுதிமொழி எழுதித் தரவேண்டும். பள்ளிக்கூடம் போகும் நம் வாசகிக்கு அது பொருந்தாது. மூன்று நாள் கண்காட்சிக்கு அது தேவையும் இல்லை. நம் பக்கத்துச் சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் தரைவாடகைக்குச் சீட்டு கிழிப்பார்கள்; கண்காட்சியில் நடத்துகிறவரின் ஒதுக்கீட்டுக் கடிதம். பெரும்பாலும் அனுமதி என்பது அவ்வளவுதான்.

அடுத்தது வரி. எல்லோரும் பயப்படுகிற இடம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பதினைந்து ரூபாய் அட்டை விற்று அந்தக் கணக்கை எட்ட இரண்டரை லட்சத்துக்கு மேல் அட்டை வரைய வேண்டும். மேட்டூரில் வரைந்து சேலத்தில் விற்பதும் சென்னையில் விற்பதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். ஆனால் கொளத்தூர் வழியாகப் பாலாற்றைத் தாண்டிவிட்டால் கர்நாடகம். பெங்களூரில் மேசை போட்டால் அங்கே நிலையான கடை இல்லாதவர் என்ற கணக்கில் வருவீர்கள். அப்படிப்பட்டவர் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், விற்பனை தொடங்க ஐந்து நாள் முன்பாவது தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். அது 90 நாள் வரை செல்லும். அரசு பட்டியலிட்ட கைவினைப் பொருட்களுக்கு இதில் விலக்கு உண்டு, அதற்கும் பான் எண் வேண்டும். முதல் வருஷம் பாலாறு தாண்ட வேண்டாம் என்பது என் யோசனை. சேலமே நமக்குப் போதும்.

பான் அட்டை மைனருக்கும் கிடைக்கும்; அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டையில் பிள்ளையின் படமும் கையெழுத்தும் இருக்காது. பதினெட்டு ஆனதும் மாற்றிக்கொள்ளலாம். கணக்கு நண்பர் இதோடு சொன்ன ஒரு விவரத்தைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மைனரின் வருமானத்தைப் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி போடுவார்கள். ஆனால் அந்தப் பிள்ளை தன் கையால் உழைத்தோ, தன் திறமையாலோ, அறிவாலோ சம்பாதித்தது என்றால் சேர்க்கக் கூடாது. அது பிள்ளையின் சொந்த வருமானம். வருமான வரிச் சட்டமே அப்படிச் சொல்கிறது. என் பதினொன்றேகால் ரூபாயை மடியில் முடிந்துகொண்ட பெரியவர் இன்று இருந்திருந்தால் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டியிருப்பேன்.

வங்கிக் கணக்கும் அப்படித்தான். பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்த வங்கிகள் இடம் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லிப் பல வருஷம் ஆகிறது. 2025 ஏப்ரலில் அந்த வழிகாட்டுதலைத் திருத்தி மறுபடியும் அனுப்பியது. எவ்வளவு போடலாம், எடுக்கலாம் என்பது அந்தந்த வங்கியின் விருப்பம். மேசைமேல் வைக்கும் கியூ.ஆர். அட்டை அம்மாவின் கணக்குக்கானதாக இருந்தால், அன்றைக்கு ராத்திரியே கணக்குப் பார்த்துப் பிள்ளையின் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது மளிகைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் போய்விடும். நடுத்தரக் குடும்பத்தில் அப்படித்தான் நடக்கும், அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அது பிள்ளையின் காசு.

இனி சரக்கு. அட்டை, ஓவியம், சாவிக்கொத்து, களிமண் தோடு, நூல் வளையல் இவற்றுக்குத் தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது. நம் பிள்ளைகள் தெரியாமல் கால் வைக்கிற இடங்கள் சில உண்டு. வீட்டில் காய்ச்சிய சோப்பு, முகப்பூச்சு, உதட்டுச்சாயம் எல்லாம் அழகுசாதனப் பொருள். விற்பனைக்குச் செய்ய உற்பத்தி லைசென்ஸ் வேண்டும். ‘மூலிகை’ என்று ஒட்டிவிட்டால் போதாது. குரோஷே பொம்மை இப்போது எல்லாப் பள்ளியிலும் பின்னுகிறார்கள். 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிந்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. முறுக்கு, அதிரசம், தேன்மிட்டாய் என்று தின்பண்டம் எதுவானாலும், தற்காலிகக் கடையே ஆனாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எடுத்தே ஆக வேண்டும். அதை அம்மா பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நடிகர் முகமும் ஜப்பான் கார்ட்டூன் பாத்திரமும் போட்ட ஸ்டிக்கர்தான் வேகமாக விற்கும் என்று உன் தோழிகள் சொல்வார்கள். விற்கும்தான். ஆனால் அந்தப் பாத்திரம் இன்னொருவர் கற்பனை, அதில் அவருக்குப் பதிப்புரிமை இருக்கிறது. நீ பதினாறு கண் மதகை வரை. தண்ணீர் இறங்கும்போது தலைகாட்டும் பண்ணவாடி நந்தியை வரை. 1934-ல் அணை திறந்தபோது நீருக்குள் போன ஊர்களின் கதையைப் பாட்டிமாரிடம் கேட்டு வரை. அதை வரைய உனக்கு இருக்கிற உரிமை டோக்கியோவிலிருக்கும் யாருக்கும் இல்லை.

இவ்வளவு எழுதும்போதே சில வாசகர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. ‘பிள்ளைகளை வியாபாரத்துக்கு அனுப்பச் சொல்கிறாரா இந்த ஆசிரியர்?’ அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். தறிக்குழிக்குப் பக்கத்திலும் தீப்பெட்டிக் கட்டைக்குப் பக்கத்திலும் பள்ளிக்கூடத்தைத் தொலைத்த பிள்ளைகளின் தலைமுறையைப் பார்த்தவன் நான். சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று சொன்னது. 1986-ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் இன்னும் இறுக்கப்பட்டது. 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. பள்ளி விட்ட பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யலாம். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்கள் கூடாது. மற்ற இடங்களில் அவர்களை வேலைக்கு வைத்தால் ஒரு மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதன்பின் ஒரு மணி நேரம் ஓய்வு, ஓய்வையும் சேர்த்து நாளைக்கு ஆறு மணி நேரம், ராத்திரி ஏழு முதல் காலை எட்டு வரை வேலையே கூடாது.

இந்தக் கடைசி விதி கூலிக்கு வைக்கிறவர்களுக்கானது. ஆனாலும் சொந்த மேசைக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். கண்காட்சியில் கூட்டம் ஏறுவதே ஏழு மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் அப்பாவோ சித்தியோ மேசையைப் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகட்டும். மறுநாள் பரீட்சை என்றால் மேசையை மூடிவிடுங்கள். முதலாளி லாபத்துக்காக ஒரு பிள்ளை உழைப்பதும், தான் வரைந்ததை ஒரு பிள்ளை நாலு பேர் முன்னால் விலை சொல்லி விற்பதும் ஒன்றாகிவிடாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் சாயங்காலம் காசு யார் பைக்குப் போகிறது என்று பார்த்தால் போதும்.

பின்னால் ஒரு பெரியவர் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். இரும்புக்கை மாயாவியை நம் தலைமுறைக்குக் கொடுத்தவர் அவர்தான். அவர் மகன் எஸ். விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, பதின்ம வயதில், ஒரு பத்திரிகையின் ஆசிரியர்! நாற்பது வருஷம் தாண்டியும் அந்தப் பத்திரிகை நடக்கிறது. ஈரோட்டிலும் சென்னையிலும் புத்தகத் திருவிழாக்களில் அவர்கள் கடை முன்னால் நரைத்த தலைகள் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். வீட்டிலேயே தொழில் தெரிந்த அப்பா இருந்தது அவர் கொடுப்பினை. நம் வாசகியின் அப்பா வேறு தொழிலில் இருக்கலாம். அவருக்கும் ஒரு கையெழுத்துப் போடத் தெரியும்.

வெளிநாட்டிலும் பிள்ளைகள் விற்க அனுமதி வேண்டுமா என்ற கேள்வி எழாமல் இல்லை. அமெரிக்காவில் ஓவியர்கள் மேசை போடும் கண்காட்சிகள் ஏராளம். அங்கே கலிபோர்னியா மாதிரி மாநிலங்களில் இரண்டு நாள் விற்பதானாலும் விற்பனை வரிக்காக அரசிடம் தற்காலிக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். டெக்சாஸில் தெருமுனையில் எலுமிச்சைச் சாறு விற்ற பிள்ளைகளை அனுமதிச் சீட்டு கேட்டுத் துரத்தப் போய், ஊரே கோபப்பட்டு, பிள்ளைகளின் அந்தக் கடைகளுக்கு அனுமதி கேட்கக் கூடாது என்று 2019-ல் சட்டமே போட்டார்கள். டோக்கியோவில் 1975-ல் ரசிகர்கள் சேர்ந்து தொடங்கிய காமிக் சந்தை இன்று உலகத்திலேயே பெரிய கூட்டங்களில் ஒன்று. சென்னையின் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. அங்கேயும் ஓவியர்களுக்கென்று மேசைகள் உண்டு. நம் வாசகி ஒரு நாள் அங்கே உட்காருவாள் என்று நம்புகிறேன்.

ஆனால் அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் பிறந்ததே பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். இன்று குழுப் பெண்களின் பொருட்களை ‘மதி’ என்ற பெயரில் கண்காட்சிகளிலும் கல்லூரிச் சந்தைகளிலும் விற்கிறார்கள். பதினெட்டுக்குக் கீழே உறுப்பினராக முடியாது. ஆனால் அம்மாவோ அத்தையோ குழுவில் இருந்தால் அவர்கள் மேசையின் ஓரத்தில் ஒரு முழம் இடம் பிள்ளைக்குக் கிடைக்காதா? ஊர் ஊராகக் கடை கொண்டு போகும் அந்த அம்மாவிடம் இதைக் கேட்டேன். “ஏனுங்க, எங்க மசாலாப் பொடிக்குப் பக்கத்துல புள்ளைங்க படம் இருந்தா கூட்டம் நின்னு பாக்குங்க. எங்களுக்குத்தானே நல்லது” என்று சட்டென்று சொன்னார்.

ஆகவே மகளே, உனக்கு என் பதில். காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத்தை அம்மாவோ அப்பாவோ நிரப்பட்டும், ‘பொருள் தயாரிப்பவர்’ என்ற இடத்தில் உன் பெயரை எழுதச் சொல். மேசை வாடகைக்குக் கடன் வாங்கினால் அதை முதல் நாள் வசூலிலேயே அடைத்துவிடு. எத்தனை அட்டை கொண்டு போனாய், எத்தனை விற்றது, அட்டைக்கும் கலருக்கும் எவ்வளவு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுது. விலையைப் பென்சிலில் எழுதாதே; பேனாவால் எழுது. மூன்றாவது கண்ணில் வழிந்த நீலத்தைத் திருத்த வேண்டாம், மதகு திறந்த அன்றைக்குத் தண்ணீர் அப்படித்தான் தெறிக்கும்.

கண்காட்சி, புத்தகத் திருவிழா, கோயில் திருவிழாக் கடை ஏலம் நடத்துகிற பெரியவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நூறு மேசை போடுகிற இடத்தில் ஒரு மேசையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். பெற்றோரோ ஆசிரியரோ பொறுப்பேற்றுக் கையெழுத்திடட்டும். வாடகை வேண்டாம். சாயங்காலம் ஆறரைக்கு மூடச் சொல்லுங்கள். சேலத்தில் 2022 முதல் மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழாவில் இது தொடங்கினால், ஓமலூர், மேச்சேரி, எடப்பாடிப் பிள்ளைகள் எல்லோரும் பஸ் ஏறி வருவார்கள். மனு எழுத நான் தயார். கையெழுத்துப் போட விரும்பும் வாசகர்கள் எழுதுங்கள்.

வருகிற ஆடிப் பதினெட்டுக்கு நீங்களும் மட்டத்துக்கு வருவீர்கள். எருக்கம் இலையோ, விளக்குத் திரியோ, பூவோ வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் நின்று, “யாரூட்டுப் பிள்ளை கண்ணு நீ?” என்று கேளுங்கள். பக்கத்துக் கடையைக் காட்டினால் சந்தோஷமாக வாங்குங்கள். காட்ட ஆள் இல்லை, யாரோ ஒருவர் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு ராத்திரி காசை வாங்கிக்கொண்டு போகிறார் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். மற்றபடி பேரம் பேசாதீர்கள். காசைப் பக்கத்திலிருக்கும் பெரியவரிடம் நீட்டாமல், அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்